பால் பையில் வந்த சாம்பிள்

தரைத்தளம், செம்பூர், மும்பை
ஜூலை 4, வியாழன்

முதல் மாடி திருமதி பத்மஜா மகாதேவன் அவர்களுக்கு,

கீழ் வீட்டு சாயிரா எழுதுகிறேன். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதை எடுத்துவிடும் எண்ணம் எனக்கு இன்னும் வரவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் நீங்கள் ஒரு சுவரைப் பார்க்கிறீர்கள், நான் இன்னொரு சுவரைப் பார்க்கிறேன். ஆனால் விஷயம் நம் சண்டையைவிட அவசரம். அதனால்தான் அளவு எடுக்கிற நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, உங்கள் கதவில் தொங்கும் பால் பையில் போடுகிறேன்.

மிட்டாய்க்கு மூத்திரத்தில் ஏதோ கோளாறு. நீங்கள் கோந்து என்று கூப்பிடுகிறீர்களே, அதே பூனைதான். நேற்று மத்தியானம் தையல் மிஷின் மேல் ஏறி, ஒரு கஸ்டமரின் பட்டு ரவிக்கையில் உட்கார்ந்துகொண்டு முக்கினான். வந்தது இரண்டு சொட்டு. துடைத்தால் துணியில் ரோஸ் நிறம். கூடவே ஒரு கத்தல் கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

கையோடு தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் ரஷீதாவிடம் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு நாளைக்கு எத்தன தடவ சுசு போறான்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? பகலில் என் மிஷினுக்கு அடியில் தூங்குகிறான், ராத்திரி உங்கள் கட்டிலுக்கு அடியில். "பாதி நாளு மேல் வீட்டுல கெடக்கான், அங்கனதான் கேக்கணும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாம்பிள் வேண்டுமாம். ராத்திரி உங்களிடம் இருப்பதால் நீங்கள்தான் பிடித்துத் தர வேண்டும். அவன் ஒன்றுக்குப் போகிற ட்ரேயில் இருக்கிற மண்ணைக் கொட்டிவிடுங்கள். மண் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே குடித்துவிடும். அதற்குப் பதிலாக உறிஞ்சாத பொருள் எதையாவது போட வேண்டும். அதற்கென்றே கடையில் மணி விற்கிறார்களாம், எனக்கு எதற்குக் கடை? லெஹங்காவில் தைக்கிற பிளாஸ்டிக் மணி என்னிடம் கிலோ கணக்கில் கிடக்கிறது. சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவிக் காயவைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் போனதும் ட்ரேயைச் சாய்த்தால் மணி ஒரு பக்கம் நிற்கும், மூத்திரம் ஒரு பக்கம் வரும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் என் பால் பையில் போட்டுவிடுங்கள். கிளினிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் கடையநல்லூரில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் நின்றபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவனைக் கருத்தடை ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அதில் வந்த வினையா இது என்று டாக்டரிடம் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். டாக்டர் சொன்னால் சரி. என் மனசு மட்டும் ஆற மாட்டேன் என்கிறது.

சாயிரா


முதல் மாடி
ஜூலை 6, சனி காலை

தரைத்தளம் சாயிரா டெய்லர்ஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் மணியும் கிடைத்தன. சாம்பிள் இந்தப் பையில் இருக்கிறது. மேல்பக்கம் எது என்று பாட்டிலில் எழுதியிருக்கிறேன், கவிழ்த்துவிட வேண்டாம்.

முதலில் ஒரு திருத்தம். அவன் பெயர் கோந்து. ஸ்கூட்டருக்கு அடியில் மழையில் நனைந்து கிடந்தவனை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம், மறுக்கவில்லை. ஆனால் என் புடவையில்தான் நகத்தைப் போட்டு ஒட்டிக்கொண்டான். பிய்த்து எடுக்க முடியாமல் வந்த பெயர் அது. மிட்டாய் என்பதெல்லாம் கருவாடு காட்டி நீங்கள் பின்னால் பழக்கியது.

இன்னொரு திருத்தம். ஆபரேஷன் விஷயமாக நான் உங்களுக்குப் போன் செய்தேன். நாகஸ்வரம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது, இல்லை, அது உங்கள் வீட்டுக் கல்யாணம், பேண்டு வாத்தியம். "சரி சரி, பொறவு பேசுதேன்" என்றீர்கள். நான் அந்தச் 'சரி'யைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவளுக்கு வாய்வார்த்தையும் சம்மதம்தான்.

சாம்பிள் பிடித்த கதையைக் கேளுங்கள். வியாழக்கிழமை ராத்திரி மணியைப் பரப்பி வைத்தேன். கோந்து ட்ரேயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நாலு மணியைத் தட்டி ஹால் முழுக்க உருட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். காலையில் இவர் அதில் ஒரு மணியை மிதித்து வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னடி இது, பூனை ஒண்ணுக்குப் போறதுக்கு ஆத்துல இருக்கிற மனுஷன் இடுப்பு ஒடியணுமா?" என்று கேட்டார். உருண்ட மணியையெல்லாம் பொறுக்கிக் கழுவி மறுபடி ட்ரேயில் போட்டேன்.

இன்று விடிந்தபோது ட்ரேயில் உட்கார்ந்தான். எழுந்தான். திரும்பி உட்கார்ந்தான். நான் பாத்ரூம் வாசலில் மூச்சுக்கூட விடாமல் கரண்டியோடு குந்தியிருந்தேன். ஒரு ஸ்பூன் அளவு தேறியது. வெந்நீரில் அலசிய பாட்டிலில் ஊற்றி மூடி, மேலே ஒரு கிண்ணத்தையும் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பக்கத்தில் தயிர். மாதுங்காவில் மடிசாரோடு நடமாடிய என் மாமியார் இருந்து இதைப் பார்த்திருந்தால் ஃப்ரிட்ஜையே தலைமுழுகியிருப்பார்.

மற்றபடி அவன் ஒன்றுக்கு உங்கள் வீட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறான். காலையில் பால்கனி வழியாக இறங்கினால் இருட்டிய பிறகுதான் வருகிறான். எனவே எத்தனை தடவை என்பதை உங்கள் ட்ரேயைப் பார்த்து நீங்களே டாக்டரிடம் சொல்லலாம். கருவாட்டில் இருக்கிற உப்பைப் பற்றியும் கேட்டுவிட்டு வரவும்.

பத்மஜா மகாதேவன்


தரைத்தளம்
ஜூலை 6, சனி சாயங்காலம்

பத்மஜா மேடம் அவர்களுக்கு,

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பாட்டிலில் கோந்து என்று எழுதியிருந்தீர்கள். கிளினிக்கில் அவன் பெயர் மிட்டாய். "கோந்துன்னு பேஷண்ட் யாரும் இல்லையே" என்று அங்கே இருந்த பெண் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். ஒரே பூனைதான் என்று நான் விளக்குவதற்குள் வரிசையில் இருந்த நாய்க்காரர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

டாக்டர் ஒரு சோதனைக் காகிதப் பட்டையை அதில் முக்கி எடுத்தார். நிறம் மாறியது. முகமும் மாறியது. "சர்க்கரை நெறைய காட்டுது ஆன்ட்டி. டயபெடிஸ் இருக்குமோ?" என்றார். என் வாப்பா சர்க்கரையில்தான் காலை இழந்து போய்ச் சேர்ந்தார். அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படாமல் எழுதுகிறேன். அப்புறம் டாக்டர் பாட்டிலின் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். மூடியின் மரையை விரலால் தடவினார். "ஆன்ட்டி, இது தேன் பாட்டிலா?" என்றார்.

தேன் பாட்டில்! வெந்நீரில் அலசினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, மூடியை யார் அலசுவது? நீங்கள் செய்வது எல்லாமே இப்படித்தான். சுத்தமாகச் செய்த மாதிரி இருக்கும், கேட்கவேண்டிய இடத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தச் சாம்பிள் வீண். மறுபடி பிடிக்க வேண்டும். மருந்துக்கடையில் விற்கிற சாம்பிள் டப்பா ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இதிலாவது தேன் ஊற்றிவிடாதீர்கள்.

சாம்பிளைவிட முக்கியமாக டாக்டர் ஒன்று சொன்னார். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப மெல்லிசாம். அடைத்துக்கொண்டால் விஷம் உடம்பிலேயே ஏறிவிடுமாம். "சுசு நின்னுபோச்சுன்னா வெயிட் பண்ணாதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். அதனால் எண்ணிக்கை முக்கியம்.

இதை உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ரவிக்கை பாழான அன்றிலிருந்து என் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். இது கல்யாண சீசன், கட்டில் முழுக்க மற்றவர்களின் பட்டு கிடக்கிறது. அவனை வெளியே நிறுத்தினேன் என்று உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. எப்படியும் மேலே உங்களிடம் பத்திரமாக இருப்பான் என்றிருந்தேன். ஆக என் வீட்டில் அவன் போவது இல்லை, முழுக்க உங்களிடம்தான். எத்தனை தடவை, எவ்வளவு என்று பார்த்து எழுதி வையுங்கள். நாளை காலை முதல் ரயிலுக்கு உல்லாஸ்நகர் போகிறேன், லைனிங் துணி எடுக்க வேண்டும். வந்ததும் பார்க்கிறேன்.

சாயிரா


ஜூலை 7, ஞாயிறு காலை

சாயிரா,

பால் எடுக்க வந்தபோதுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டேன் என்ற வரியைப் படித்ததும் ட்ரேயைப் பார்க்க ஓடினேன்.

என் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அந்த ஒரு ஸ்பூனுக்குப் பிறகு எதுவுமே இல்லை. உன்னிடம் போகிறான் என்று நான் நினைத்தேன். என்னிடம் போகிறான் என்று நீ நினைத்தாய். அவன் யாரிடமும் போகவில்லை.

வாட்ச்மேனைக் கேட்டேன். பகலெல்லாம் உன் சாத்தின ஜன்னலின் விளிம்பில், மழைச் சாரலில் உட்கார்ந்திருந்தானாம். "ரோஜ் உதர்ஹீ பைட்தா ஹை" என்கிறான், தினமும் அங்கேதான் உட்காருகிறானாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கத்தினேன். அவன் என்ன செய்வான், பாவம்.

இப்போது வாஷிங் மிஷினுக்குப் பின்னால் கிடக்கிறான். கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது. தொட்டால் உறுமுகிறான். என்னைப் பார்த்து அவன் உறுமியதே இல்லை.

கீழே வந்து உன் கதவைத் தட்டினேன், பூட்டு. என் போன் உனக்கு வராது. இவர் நம்பரையும் சேர்த்து பிளாக் செய்திருக்கிறாய். வாட்ச்மேன் போனிலிருந்து அடித்தேன், லைனே கிடைக்கவில்லை. ரயிலில் இருக்கிறாய் போலிருக்கிறது.

ஆட்டோ வந்துவிட்டது. இவர் கூடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் ரஷீதாவிடம் போகிறோம். இதை உன் பூட்டிலேயே செருகிவிட்டுப் போகிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் கொண்டுபோக எனக்கு மனசில்லை சாயிரா. ஆனால் காத்திருக்கவும் முடியாது. வா.

பத்மஜா


தரைத்தளம்
ஜூலை 8, திங்கள்

பத்மஜாக்கா,

நேற்று பூட்டில் உங்கள் சீட்டைப் பார்த்து நான் கிளினிக்குக்கு ஓடி வந்த பிறகு ஒரே பெஞ்சில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் உங்கள் கைப்பையும் என் லைனிங் துணி மூட்டையும் இருந்தன. மகாதேவன் சார்தான் பாவம், இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

குழாய் போட்டதும் வந்ததே, பார்த்தீர்கள்தானே, பால் விடாத டீ நிறத்தில். பை நிறைந்துகொண்டே போனது. அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு என் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க அதுவே கண்ணில் நிற்கிறது. ஒரு ஊக்குகூடத் தைக்க ஓடவில்லை.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். குழாயிலிருந்து எடுத்த சாம்பிளில் சர்க்கரை இல்லை. மைக்ராஸ்கோப்பில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. ரத்தம் மட்டும் இருக்கிறது. கருவாடும் காரணம் இல்லை, ஆபரேஷனும் காரணம் இல்லை. சில பூனைகளுக்கு மனசு சரியில்லாவிட்டால் மூத்திரப்பை வீங்கிவிடுமாம். அந்த வீக்கத்தில் மூத்திரக் குழாய் அடைத்துக்கொள்ளுமாம். அப்போதுதான் அதைக் கேட்டார்.

"வீட்ல ஏதாச்சும் மாறிச்சா ஆன்ட்டி? புது ஆள், ஷிஃப்டிங், சண்டை?"

நீங்களும் நானும் ஒரே குரலில் "ஒண்ணும் இல்ல" என்றோம். இத்தனை நாளில் நாம் சேர்ந்து பேசிய ஒரே பேச்சு அதுதான். அதுவும் பொய்.

டாக்டர் நம்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பூனை செத்துக்கொண்டிருக்கும்போதும் மானத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரண்டு பொம்பளைகள் என்று நினைத்திருப்பார்.

இன்னொன்றும் பார்த்தேன். நீங்கள் அவனைச் சுற்றிக் கொண்டுவந்தது நான் தைத்துக் கொடுத்த மெத்தை. ரவிக்கைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, அவன் குட்டியாக இருந்தபோது தைத்தது. அதில் பாச்சை உருண்டை வாசம். "இந்த வாசனை பூனைக்கு ஆகாது" என்று டாக்டர் உடனே பிடுங்கி ஓரமாகப் போட்டார். பரணில் போட்டுவிட்டீர்களா அக்கா? எப்போது? கோபமாகக் கேட்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன், நீங்கள் மெத்தையை எடுத்தீர்கள். அவன் எங்கேதான் படுப்பான்?

பதில் எழுதுங்கள். இன்னும் போனை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் ஏதோ வருகிறது.

சாயிரா


முதல் மாடி
ஜூலை 9, செவ்வாய்

சாயிராவுக்கு,

நீ புரிந்துகொண்டது எல்லாம் சரி. திருத்த ஒன்றும் இல்லை.

நீ என்னை பிளாக் செய்த அன்று அந்த மெத்தையைப் பரணில் போட்டேன். உன் கைத்தையல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, தாங்கவில்லை. அவன் இரண்டு நாள் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். புது டர்க்கி டவல் வாங்கிப் போட்டேன், அதன் மேல் படுக்கவே இல்லை. பூனைக்குத் திமிர் என்று இவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவனைச் சுற்றி எடுக்க அந்த மெத்தையைத்தான் பரணிலிருந்து இறக்கத் தோன்றியது.

இன்று காலையில் டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "சண்டை இருந்ததும்மா. பெரிய சண்டை. அவனை வெச்சுண்டுதான் சண்டையே" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தெரியும் ஆன்ட்டி. அவனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாத்ரூமில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

ஆபரேஷன் செய்தது தப்பு என்று என்னிடம் எழுதி வாங்க முடியாது. அது அவனுக்கு நல்லதுதான். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அது சரியான கோபம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நாளைக்குக் குழாயை எடுக்கிறார்கள். அப்புறம் தானாகப் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் மறுபடி குழாய், அதற்கும் அடங்காவிட்டால் பெரிய ஆபரேஷன் என்கிறாள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ட்ரேயைத் தேய்த்துத் தேய்த்து அதன் நிறமே போய்விட்டது. அவன் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றதும் வீடு முழுக்கக் கிண்ணம் வைத்துவிட்டேன். இவர் இரண்டைக் காலால் உதைத்துக் கொட்டியாகிவிட்டது. "பூனை வர்றதுக்குள்ள நான் நீஞ்சக் கத்துக்கணும் போல" என்கிறார். மெத்தையைத் துவைத்து, வாசம் போகும்வரை வெளியிலேயே காயப்போட்டிருக்கிறேன், இந்த மழையில் அது எங்கே காய்கிறது.

நாளைக்கு நீ போய் அவனைக் கூட்டி வா. நான் வரவில்லை. எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதையும் நீயே முடிவு செய்துகொள். உன்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஜன்னலை மட்டும் திறந்து வை.

அவன் போனானா இல்லையா என்று எனக்கு எப்படியாவது தெரிவித்துவிடு. பால் பையில் போட்டால் போதும், நான் வாசலையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்மஜா


ஜூலை 10, புதன்

அக்கா,

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பெல் அடித்தால் இவன் மிரளுவான், சத்தமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தட்டினாலும் அதே கதைதான். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் மருந்து. கூடையைப் படியில் வைத்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

கிளினிக்கில் அவன் ஒன்றுக்குப் போகவில்லை. மத்தியானம் முழுக்கப் பார்த்தோம், ட்ரேயை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க போனாலும் போவான். இல்லன்னா ராத்திரி திரும்ப வாங்க" என்றார் டாக்டர். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு துஆ ஓதிக்கொண்டே வந்தேன். நம் கேட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னான். அவ்வளவுதான். ஒன்றுக்கு இருந்துவிட்டான். சொட்டு இல்லை அக்கா, ஓட்டம். கூடை நனைந்து, துப்பட்டா நனைந்து, சுடிதார் முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. ஆட்டோக்காரர் திட்டினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

என் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மாடிக்கு வந்திருக்கிறேன். உங்கள் நம்பரையும் திறந்துவிட்டேன். எந்த வீடு என்று நான் முடிவு செய்யவில்லை, அதை அவன் பார்த்துக்கொள்வான்.

கூடையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. சாம்பிள் வேண்டுமென்றால் இப்போதே பிடித்துக்கொள்ளலாம். தேன் பாட்டிலோ எதுவோ கொண்டுவாங்க. கதவைத் திறங்க அக்கா.

சாயிரா